சார்ஜர் இருக்கு... ஆனா, வேலை செய்யுமா? எலெக்ட்ரிக் காரில் ஊருக்குப் போகிறவர்களின் புதுக் கவலை!

எலெக்ட்ரிக் கார் வாங்கியவரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். ‘ஃபுல் சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் போகும்?’ கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார்கள், அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் கேட்பார்கள், சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் ஆட்டோ அண்ணனும் கேட்பார். காரின் சொந்தக்காரரும் பெருமையாக ஒரு நம்பரைச் சொல்லிவிடுவார். ஆனால், பண்டிகைக்கு முந்தைய நாள் காலையில், உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில் 15 சதவிகித பேட்டரியோடு போய் நிற்கும்போது அவர் மனதில் ஓடுவது வேறு கேள்வி. ‘இந்த மெஷின் வேலை செய்யுமா?’

முதல் கேள்விக்கு கார் கம்பெனிகள் ஓரளவு பதில் கண்டுபிடித்துவிட்டன. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இ.வி வந்தபோது அதன் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளளவு. சோதனைக்கூடக் கணக்கில் 312 கிலோமீட்டர். ஹைவேயில் நான்கு பேரோடு, ஏ.சி போட்டுக்கொண்டு போனால் 200-ஐத் தொடுவதே பெரிய விஷயமாக இருந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் 79 யூனிட் பேட்டரியோடு மஹிந்திரா பி.இ 6 போன்ற கார்கள் ஷோரூமுக்கு வந்துவிட்டன. நடுவில் 38, 40, 45 யூனிட் என்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ‘நடுரோட்டில் நின்றுவிடுமோ’ என்கிற பழைய பயம் காருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது சாலையோரம் நிற்கும் அந்தப் பெட்டியின் மீது போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

பெட்டிகள் வந்த கதை

இந்தியாவில் மின்சாரத்தை விற்பதற்கு லைசென்ஸ் வேண்டும். அப்படியென்றால், சார்ஜிங் நிலையம் வைப்பவருக்கும் வேண்டுமா என்று ஒரு சந்தேகம் நீண்ட நாள் இருந்தது. 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை அமைச்சகம், ‘கார் பேட்டரிக்கு சார்ஜ் போட்டுத் தருவது ஒரு சேவை, அது மின்சார விற்பனை அல்ல, லைசென்ஸ் தேவையில்லை’ என்று தெளிவுபடுத்தியது. அதன் பிறகுதான் ஹோட்டல், மால், பெட்ரோல் பங்க் என்று யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற நிலை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த வழிகாட்டுதல், நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் இருக்க வேண்டும் என்றது.

தமிழ்நாட்டில் இந்த வேலை கொஞ்சம் சீக்கிரமே சூடு பிடித்தது. கோவையைச் சேர்ந்த ஜியோன் போன்ற நிறுவனங்கள் ஹைவே ஹோட்டல்களோடு கைகோத்து மெஷின்களை நிறுவின. 2022-ல் பாரத் பெட்ரோலியம் தன்னுடைய முதல் அதிவேக சார்ஜிங் வழித்தடத்துக்குத் தேர்ந்தெடுத்தது சென்னை - திருச்சி - மதுரை சாலையைத்தான். டாடா பவர், ஜியோ-பிபி, ஸ்டேடிக் என்று பெயர்கள் பெருகின. ஒன்றிய அரசு 2024-ல் அறிவித்த பி.எம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஆக, மேப்பைத் திறந்தால் செங்கல்பட்டிலிருந்து கயத்தாறு வரை புள்ளி புள்ளியாக சார்ஜர்கள் தெரிகின்றன. அந்தப் புள்ளிகளை நம்பிக் கிளம்பலாமா என்பதுதான் விஷயம்.

தாம்பரம் டு கோவில்பட்டி

தாம்பரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. ஊர் கோவில்பட்டி பக்கம். தூரம் சுமார் 530 கிலோமீட்டர். கார் 40 யூனிட் பேட்டரி கொண்டது. ஷோரூமில் சொன்ன ரேஞ்ச் 400-ஐத் தாண்டும். அதை மறந்துவிடலாம். டிக்கி நிறைய சாமான், ஐந்து பேர், ஏ.சி, 90-லிருந்து 100 வரை வேகம் என்றால் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது. அதாவது, 100-லிருந்து பூஜ்யம் வரை ஓட்டினாலும் 260 கிலோமீட்டர்தான்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 80-ல் போகும்போது இருக்கும் காற்றின் எதிர்ப்பு, 100-ல் போகும்போது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. பெட்ரோல் காரிலும் இதே கதைதான். ஆனால், அங்கே பங்க் அடிக்கடி வருவதால் யாரும் கவனிப்பதில்லை. எலெக்ட்ரிக் காரில் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால், 20, 30 கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைப்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால், 170 கிலோமீட்டர் தாண்டி உளுந்தூர்பேட்டை பக்கம் முதல் நிறுத்தம். பேட்டரியில் 35 சதவிகிதம் மிச்சம். இட்லி, பொங்கல், காபி, பாட்டிக்கு பாத்ரூம் என்று முடித்து வரும்போது 40 நிமிடம் ஓடியிருக்கும். 30 கிலோவாட் வேகத்தில் 20 யூனிட் ஏற அதே 40 நிமிடம்தான். அடுத்து திருச்சி. அதற்கடுத்து மதுரை அல்லது விருதுநகர். மொத்தம் மூன்று நிறுத்தம். பெட்ரோல் காரில் போகும் குடும்பமும் டிபன், டீ, மதியச் சாப்பாடு என்று மூன்று இடத்தில் நிற்கத்தான் போகிறது. கணக்குப் பார்த்தால், எலெக்ட்ரிக் காரில் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவுதான்.

செலவு? பொது சார்ஜர்களில் யூனிட்டுக்கு சுமார் 18 ரூபாயிலிருந்து 25 ரூபாய் வரை இடத்துக்கு இடம் மாறுகிறது. 18 சதவிகித ஜி.எஸ்.டி அதில் சேர்ந்திருக்கிறதா, தனியா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் போட்ட சார்ஜையும் சேர்த்து இந்தப் பயணம் 1,500 ரூபாயையொட்டி முடியும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காரில் இதே தூரத்துக்கு 3,500 ரூபாய் ஆகும். தினமும் வீட்டில் சார்ஜ் போட்டு ஆபீஸ் போகிறவருக்குக் கிடைக்கும் அளவுக்கு லாபம் ஹைவேயில் இல்லை. ஆனாலும் பாதிக்குமேல் மிச்சம்.

காகிதத்தில் இவ்வளவு அழகாக வரும் கணக்கு, உளுந்தூர்பேட்டையில் அந்த மெஷின் வேலை செய்யாவிட்டால் சரிந்துவிடுகிறது.

பச்சைப் புள்ளியை நம்பலாமா?

ஆப்பில் ஒரு சார்ஜர் பச்சையாகத் தெரிந்தால், அது கம்பெனியின் சர்வரோடு தொடர்பில் இருக்கிறது, யாரும் பயன்படுத்தவில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் காருக்குக் கரன்ட் கொடுக்கும் என்று அர்த்தமில்லை. மெஷினுக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அதன் வழியாகத்தான் அது கம்பெனியோடு பேசுகிறது. சிக்னல் இல்லாத மூலையில் வைத்திருந்தால், மெஷின் நன்றாக இருந்தும் ஆப்பிலிருந்து ஸ்டார்ட் ஆகாது. ஹைவே ஹோட்டலுக்கு வரும் மும்முனை மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் போய்விட்டால், ஹோட்டலில் விளக்கு எரியும், மிக்ஸி ஓடும், சார்ஜர் மட்டும் எரர் காட்டும். கன்னைக் காரில் செருகியதும் காரும் மெஷினும் ஒன்றோடொன்று பேசி, ‘எத்தனை வோல்ட் வேண்டும், எவ்வளவு தாங்குவாய்’ என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். அந்தப் பேச்சுவார்த்தை சில மாடல் கார்களுக்கும் சில மெஷின்களுக்கும் ஒத்துப்போவதே இல்லை.

இன்னொரு காரணம் சிரிப்பை வரவழைக்கும். மெஷினில் காளான் வடிவில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். ஆபத்துக் காலத்தில் கரன்ட்டை நிறுத்துவதற்கானது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் அதை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பிறகு வருகிறவர்கள் எல்லாம், ‘ரிப்பேர்’ என்று நினைத்துத் திரும்பிப் போவார்கள். அந்த பட்டனை அம்புக்குறி காட்டும் பக்கம் திருகிவிட்டால் அது வெளியே வந்துவிடும். மெஷினும் பல நேரம் உயிர்பெற்றுவிடும். கஸ்டமர் கேரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது. சுற்றுமுற்றும் பார்த்து, புகையோ கருகிய வாடையோ இல்லை என்று தெரிந்த பிறகு திருகுங்கள்.

மெஷின் நன்றாக இருந்தாலும் அடுத்த தடை பணம். பெட்ரோல் பங்க்கில் எந்தக் கம்பெனி என்று யாரும் பார்ப்பதில்லை. ஜி-பேயில் ஸ்கேன் செய்தால் முடிந்தது. இங்கே பெரும்பாலும் கம்பெனிக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு வாலட். ஓ.டி.பி வர சிக்னல் வேண்டும். ஒரு வாலட்டில் 140 ரூபாய், இன்னொன்றில் 90 ரூபாய் என்று காசு சிதறிக் கிடக்கும். ஸ்மார்ட்போனை மகன் கையில் கொடுத்துப் பழகிய அப்பாக்கள் தனியாகக் காரில் கிளம்பினால், கரன்ட்டைவிட இந்த ஆப்தான் சோதிக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய இரவே வீட்டு வைஃபையில் உட்கார்ந்து, வழியில் உள்ள இரண்டு மூன்று கம்பெனிகளின் ஆப்களை இறக்கி, பதிவு செய்து, கொஞ்சம் பணமும் போட்டு வைத்துவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

வேகத்தைப் பற்றியும் ஏமாறக் கூடாது. 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் இரட்டை கன் மெஷினில், பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால் பல இடங்களில் ஆளுக்கு 30 தான். ஆரம்ப காலத்தில் பங்க்குகளில் வைத்த மெஷின்கள் பலவும் 30 கிலோவாட்டைச் சுற்றியே இருந்தன. மெஷின் 120 ஆக இருந்தாலும், கார் 30-க்கு மேல் வாங்காத மாடல் என்றால் 30 தான் ஏறும். பெரிய டேங்கர் லாரி வந்து நின்றாலும் சொம்பு பிடிக்கிற அளவுதானே தண்ணீர்!

‘அடுத்ததும்’ கையில் இருக்கட்டும்

அடிக்கடி ஹைவேயில் போய் வருகிறவர்கள் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சார்ஜரை எட்டினால் போதும் என்று கணக்குப் போட மாட்டார்கள். அது வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போகும் அளவுக்கு மிச்சம் வைத்துத்தான் முதல் சார்ஜருக்கே போவார்கள். 8 சதவிகிதத்தோடு போய்ச் சேருவது சாமர்த்தியமல்ல. 25 சதவிகிதத்தோடு போனால், மெஷின் செத்திருந்தாலும் கோபம்தான் வரும், பயம் வராது. பின் சீட்டில் பாட்டியும் பிள்ளைகளும் இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரியது.

இரண்டாவது, ஒற்றை மெஷின் இருக்கும் இடத்தைவிட இரண்டு மூன்று மெஷின்கள் இருக்கும் இடம். மூன்றாவது, பிளக்ஷேர் போன்ற ஆப்பில் கடைசியாக சார்ஜ் போட்டவர் எப்போது, என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது. நேற்று மாலை ஒருவர் ‘நன்றாக வேலை செய்தது’ என்று எழுதியிருந்தால், அது கம்பெனியின் பச்சைப் புள்ளியைவிட நம்பகமானது. எல்லாவற்றையும்விட எளிய வழி, ஹோட்டலுக்கு ஒரு போன். ‘அண்ணே, சார்ஜர் ஓடுதா? யாராவது போட்டிருக்காங்களா?’ என்று கேட்டால், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி சொல்லிவிடுவார். இந்த மொத்த ஏற்பாட்டிலும் யாரும் பேசாத ஆள் அவர்தான். சார்ஜர் இடத்தில் டீசல் காரை நிறுத்துகிறவரிடம் பேசி எடுக்க வைப்பதும், கன்னைச் செருகத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் பெரும்பாலும் அவர் வேலையாகிவிட்டது. அவருக்கென்று யாரும் பயிற்சியும் கொடுப்பதில்லை, படியும் கொடுப்பதில்லை.

இரவில் தனியாகவோ பெண்கள் மட்டுமோ போகும் பயணத்தில், மெஷினின் வேகம் இரண்டாம்பட்சம். ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் ஷோரூம் வாசலில் 120 கிலோவாட் மெஷின் இருப்பதைவிட, இரவு முழுக்கத் திறந்திருக்கும் ஹோட்டலில் 30 கிலோவாட் மெஷின் இருப்பதே மேல். வெளிச்சம், கழிவறை, ஆள் நடமாட்டம். பகலிலேயே பார்த்து முடிவு செய்துவிட வேண்டிய விஷயம் இது. மழை பெய்தால் ஷாக் அடிக்குமா என்று பயப்பட வேண்டாம். கன் சரியாகப் பூட்டிக்கொண்டு, காரும் மெஷினும் பேசி முடித்த பிறகுதான் கரன்ட்டே வரும். ஆனால், தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு செருகுவதும், வயர் கிழிந்த கன்னைத் தொடுவதும் கூடாது.

வரிசையில் நிற்கும் நாகரிகம்

பொங்கல், தீபாவளி நேரத்தில் இன்னொரு சிக்கல். மெஷின் ஓடும், முன்னால் மூன்று கார் நிற்கும். பெட்ரோலுக்கு ஐந்து நிமிடத்தில் வரிசை நகரும். இங்கே ஒவ்வொரு காரும் முக்கால் மணி நேரம். இந்த நேரத்தில் ‘100 வரை ஏற்றிவிட்டுத்தான் எடுப்பேன்’ என்று ஒருவர் சாப்பிடப் போய்விட்டால், பின்னால் நிற்பவருக்கு எப்படியிருக்கும்? பேட்டரி 80 சதவிகிதத்தைத் தாண்டியதும் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியைக் காப்பாற்ற அப்படித்தான் செய்தாக வேண்டும். 10-லிருந்து 80 வரை ஏறிய அதே நேரம்கூட கடைசி 20-க்கு ஆகலாம். பின்னால் ஆள் இருந்தால் 80-ல் எடுத்துவிடுவதுதான் மரியாதை. தனக்கும் நேரம் மிச்சம். போன் நம்பரை எழுதி டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளரின் பொறுமையையும் செக்யூரிட்டி அண்ணனின் நல்ல மனதையும் நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? நம் ஊரில் ‘இத்தனை ஆயிரம் சார்ஜர் நிறுவப்பட்டது’ என்றுதான் அறிவிப்புகள் வருகின்றன. இன்றைக்கு அவற்றில் எத்தனை ஓடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். பிரிட்டனில் 2024 நவம்பரிலிருந்து, அதிவேக சார்ஜர் நடத்தும் நிறுவனத்தின் மெஷின்கள் ஆண்டு சராசரியில் 99 சதவிகித நேரம் வேலை செய்தாக வேண்டும் என்பது சட்டம். அதாவது, ஒரு மெஷினுக்கு வருடத்தில் மூன்றரை நாள்தான் விடுமுறை. 24 மணி நேரமும் மனிதர் எடுத்துப் பேசும் உதவி எண்ணும் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரலுக்குப் பிறகு நிறுவப்படும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர்கள், ஆப் இல்லாதவரிடமும் கார்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தள்ளுவண்டிக் கடையில்கூட க்யூ.ஆர் கோடு ஒட்டியிருக்கும் நாட்டில், லட்சக்கணக்கான ரூபாய் மெஷினில் அது கட்டாயமாக இல்லாதது வேடிக்கைதான்.

மலையேறும்போது

சமவெளிக் கணக்கு மலையில் செல்லாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர்தான். ஆனால், ஏறும் உயரம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு சேர்த்து கிட்டத்தட்ட இரண்டு டன் எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 10 யூனிட் வேண்டும். ஓடும் தூரத்துக்கு இன்னொரு ஏழு. 40 யூனிட் பேட்டரியில் 40 சதவிகிதம் ஒன்றரை மணி நேரத்தில் காலி. முதல்முறை போகிறவருக்கு வயிற்றைக் கலக்கும். மேட்டுப்பாளையத்திலேயே நன்றாக ஏற்றிக்கொண்டு மலையைத் தொடுவதுதான் சரி.

இறங்கும்போது நடப்பது பெட்ரோல் காருக்குக் கிடைக்காத சந்தோஷம். மோட்டாரே பிரேக்காக மாறி, ஏறும்போது செலவான அந்த 10 யூனிட்டில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பி வரும். ஆனால், ஊட்டி ஹோட்டலில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, 100 சதவிகிதத்தோடு காலையில் இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் கரன்ட்டுக்கு இடமிருக்காது. மோட்டார் பிரேக் பிடிக்காது, கால் பிரேக்கையே நம்பி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டியிருக்கும். 80 போதும்.

ஊர் வீட்டு பிளக் பாயின்ட்

எல்லாம் தாண்டி கோவில்பட்டி பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. திரும்பி வர சார்ஜ் வேண்டுமே! காரோடு கொடுத்த சாதாரண சார்ஜரை 15 ஆம்ப் பிளக் பாயின்ட்டில் செருகினால், மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலையில் 30 யூனிட். பழைய வீடுகளில் இங்கேதான் சிவப்பு விளக்கு எரியும். காரணம், எர்த். மோட்டாரும் கிரைண்டரும் எர்த் சரியில்லாமலேயே பல வருடம் ஓடியிருக்கும், கார் ஒத்துக்கொள்ளாது. அதை ஏமாற்ற குறுக்கு வழி சொல்லும் ஆட்கள் உண்டு. கேட்க வேண்டாம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே உள்ளூர் எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் பைப்பும் நல்ல வயரும் போடச் சொல்லிவிட்டால், வீட்டுக்கும் அது பாதுகாப்பு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ராத்திரி முழுக்க ஓடும் லோடில் உருகிவிடும்.

சித்தி வீட்டு இ.பி பில்லையும் யோசிக்க வேண்டும். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது பில் வந்த பிறகுதான் நினைவுக்கு வரும். பொங்கலுக்கு வந்த இரண்டு கார் ஆளுக்கு 60 யூனிட் குடித்துவிட்டுப் போனால், 420-ல் நிற்க வேண்டிய மீட்டர் 540-க்குப் போய்விடும். கேட்டால் சித்தி காசு வாங்க மாட்டார். கிளம்பும்போது பிள்ளைகள் கையில் கொடுக்கிற பொங்கல் காசோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவதுதான் வழி.